மேகக் கணினியும் நம் பொறுப்பும்

ஊர்க் கணக்குகள் ‘மேகத்தில்’ இருப்பதாகச் சொல்லக் கேட்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு, அம்மேகம் எங்கே இருக்கிறது என்ற ஐயம் எழுவது இயல்பே. அது வானத்தில் இல்லை. பெருங் கட்டடங்களில் இரவு பகலாக ஓடி, இணையத்தின் வழியே நமக்கு ஊழியம் செய்யும் கணினிகளின் தொகுதிக்கே அப்பெயர்.

2008-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் மென்பொருள் வல்லுநர் மாநாடு ஒன்றைக் கூட்டிற்று. ‘அஸூர்’ என்னும் மேகத் தளமும், அதற்கேற்ற மென்பொருள் இயற்றும் கருவிகளும் அங்கே அறிமுகமாயின. 2015-இல் புனே, மும்பை, சென்னை ஆகிய இடங்களிலும் அதன் நிலையங்கள் திறக்கப்பட்டன.

முறை எளிது. மின்சாரம் பெற நாம் மின் நிலையம் கட்டுவதில்லை. மீட்டர் காட்டும் அளவுக்கே பணம் செலுத்துகிறோம். அவ்வாறே, மென்பொருள் இயற்றுவோர் கணினிகளை விலைக்கு வாங்காமல், உபயோகித்த அளவுக்குக் கட்டணம் செலுத்தலாம். வேலை பெருகினால் கூடுதலாகப் பெறலாம், குறைந்தால் விட்டுவிடலாம். சிறு முதல் உடையோருக்கும் இதனால் வழி பிறந்தது.

ஆயினும், வாடகைக் கணினியை நிறுத்த மறந்தால், வேலையின்றியும் கட்டணம் ஏறும். கடவுச்சொல் பிறர் கையில் சிக்கினால் கணக்குகள் பறிபோகும். யந்திரம் பிறருடையது, கணக்கோ நம்முடையது. ஆதலால், ஊர்க் கணக்கை மேகத்தில் ஏற்றித் தர முன்வருவோரிடம் மூன்று கேள்விகளைக் கேட்போமாக: கணக்கு எந்த இடத்தில் வைக்கப்படும்? கடவுச்சொல் யார் வசம் இருக்கும்? ஒப்பந்தம் முடிந்தபின் கணக்கு முழுவதும் நம் கைக்கு வருமா? விடைகளை எழுத்து மூலம் பெற்ற பின்னரே கையொப்பமிடுதல் நலம்.