அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்!

பண்டிகைக்காக வீட்டுக்கு வர்ணம் அடித்தாயிற்று. அடிக்க வந்தவர் மிச்சமிருந்த டர்ப்பன்டைனைத் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி, சமையலறை மூலையில் வைத்துவிட்டுப் போனார். "அப்புறம் எடுத்து வைக்கலாம்" என்று வீட்டுக்கார அம்மாளும் இருந்துவிட்டாள். மூன்று வயதுக் குழந்தைக்குத் தாகம், பாட்டிலைக் கண்டது, ஒரு வாய் குடித்தும் விட்டது.

வீடு அல்லோலகல்லோலப்பட்டது. "உப்புத் தண்ணி கரைச்சுக் கொடும்மா!" என்றார் பாட்டி. "புளியைக் கரைச்சு ஊத்துங்கோ!" என்றார் எதிர்வீட்டு மாமி. "தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வை!" என்றார் மாமா. மூவர் சொன்னதும் அன்பினால்தான். ஆனால், மூன்றுமே ஆபத்தான யோசனைகள்!

ஏன் தெரியுமா? டர்ப்பன்டைன், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவை வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய அபாயம். வாந்தி எடுக்கும்போது அவை மூச்சுக்குழலில் புகுந்து நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். கழிவறை கழுவும் ஆசிட்டோ, உள்ளே போகும்போது சுட்ட தொண்டையை வெளியே வரும்போது மறுபடியும் சுடும். உப்புக் கரைசல் ரத்தத்தில் உப்பை ஏற்றி, அதுவே உயிருக்கு உலை வைத்துவிடலாம்.

அமெரிக்காவில் 'இபிகாக்' என்ற வாந்தி மருந்தை வீடுகளில் வாங்கி வைத்திருந்த காலம் உண்டு. அது இனி வேண்டாம் என்று 2003-ல் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்லிவிட்டது.

பின்னே, என்னதான் செய்வது? வாயைத் துடைத்து, நனைந்த உடையைக் கழற்றுங்கள். டாக்டர் சொல்லாமல் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். நினைவு தப்பியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். புறப்படும்போது அந்தப் பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் மூச்சையும் நாடியையும் நினைவையும் கவனிப்பார்கள். கூடவே மூன்று கேள்விகள் வரும்: என்ன? எவ்வளவு? எப்போது? வைத்தியமே இந்தப் பதில்களில்தான் இருக்கிறது. சில விஷங்களுக்கு, சீக்கிரம் வந்தால், கரித்தூள் மருந்து பயன்படும். டர்ப்பன்டைனுக்கும் ஆசிட்டுக்கும் அது உதவாது. சில பூச்சிமருந்துகளுக்கு அட்ரோபின் ஊசி போடுவார்கள்.

பாரசிட்டமால் சமாசாரம் இன்னும் விசித்திரம். காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் அதே மாத்திரைதான். அளவு மீறினால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. "நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும்! இதற்கு அசிடைல்சிஸ்டைன் என்ற அருமையான மாற்று மருந்து இருக்கிறது. 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தாமதமானாலும் கொடுப்பார்கள், ஆனால் பலன் குறையும்.

இங்கேதான் ஒரு சங்கடம். மனசு நொந்து மாத்திரையை விழுங்கிவிட்ட பெண்ணை அழைத்து வந்து, "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, டாக்டர்" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. போலீசுக்குப் பயம், ஊர் வாய்க்குப் பயம். டாக்டரிடம் பொய் சொன்னால், அவர் வேறு நோய்க்கல்லவா வைத்தியம் பார்ப்பார்? அதற்குள் அந்த 8 மணி நேரமும் ஓடிவிடுமே! 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் இப்படிச் செய்தவரைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை; கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டனை கூடாது, கவனிப்பு வேண்டும் என்கிறது. ஆகவே உண்மையைச் சொல்லுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மனசு தாங்காத வேளையில் 14416 என்ற எண்ணில் பேச ஆள் இருக்கிறார்கள்.

அது சரி, அந்தக் குழந்தை? பாட்டி உப்பு ஜாடியைத் திறப்பதற்குள், தாய் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பாட்டிலுமாக ஓடினாள். டாக்டர் சில மணி நேரம் வைத்திருந்து மூச்சைக் கவனித்து, சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார்.

இன்று மாலை உங்கள் சமையலறை மூலையையும் ஒருமுறை பார்த்துவிடுங்களேன். தண்ணீர்ப் பாட்டிலில் தண்ணீர்தான் இருக்கிறதா?