எந்த ஆன்டிவைரஸ் வாங்குவது?

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஓடும் எந்தக் கணினியிலும் ஆன்டிவைரஸ் ஏற்கெனவே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்பது அதன் பெயர். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் இது இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆரம்ப ஆண்டுகளில் இதன் திறன் சுமார்தான். இப்போது அப்படி இல்லை. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு வசதி ஆகிய ஒவ்வொன்றுக்கும் 6 என மொத்தம் 18 மதிப்பெண் வைத்திருக்கிறது. சமீப ஆண்டுகளில் டிஃபெண்டர் அதில் முழு மதிப்பெண்ணோ அதற்கு மிக நெருக்கமாகவோ வாங்கிவருகிறது. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கடையில் புதுக் கணினி வாங்கும்போது கூடவே ஓர் ஆன்டிவைரஸ் பெட்டியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னால், இது நினைவில் இருக்க வேண்டும்.

எல்லா ஆன்டிவைரஸ்களும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் வேலை செய்கின்றன. ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளப் பட்டியலோடு ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் வேலை. பட்டியலில் இல்லாத புது வைரஸை அதன் நடத்தையை வைத்துத்தான் பிடிக்க முடியும்: ஒரு நிரல் திடீரென நூற்றுக்கணக்கான படங்களை மாற்றி எழுதத் தொடங்கினால் அதை நிறுத்த வேண்டும். பட்டியல் தினமும் புதுப்பிக்கப்படாவிட்டால் முதல் வேலை அரைகுறைதான். வாரக்கணக்கில் இணையமே காணாத கணினியில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸும் பழைய பட்டியலோடுதான் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே பிராண்டைக் கேட்பதற்கு முன், அந்தக் கணினிக்குள் வைரஸ் எந்த வழியாக வரும் என்று பார்க்க வேண்டும். இந்த ஊர்களில் பெரிய வழி பென்டிரைவ். விழுப்புரம் காகுப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் உள்ள பொறியியல் கல்லூரி மாணவர்களும் கலைக் கல்லூரி மாணவர்களும் புராஜெக்ட் அறிக்கையைப் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார்கள். அந்தக் கடைக் கணினியில் ஒரே நாளில் எத்தனையோ பேருடைய பென்டிரைவ் ஏறி இறங்கும். செருகியதும் தானே ஓடும் வசதியை யூஎஸ்பி பென்டிரைவ்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2011-இலேயே நிறுத்திவிட்டது. ஆகவே இப்போது வைரஸுக்கு ஒரு கிளிக் தேவை. அதை வாங்கும் வித்தை இதுதான்: பென்டிரைவில் உள்ள உண்மையான ஃபோல்டர்களை வைரஸ் மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கும். ஐகானின் இடது மூலையில் ஒரு சிறு அம்புக்குறி மட்டுமே வித்தியாசம். அதைத் திறந்தால் ஃபோல்டரும் திறக்கும், வைரஸும் கணினிக்குள் இறங்கும். கோப்புகள் அழிந்துபோனதாக நினைத்துப் பதறி ஃபார்மட் அடிப்பவர்கள் உண்டு. அது தேவையே இல்லை. கோப்புகள் உள்ளேதான் இருக்கின்றன. ஸ்கேன் செய்து வைரஸை நீக்கியபின் ‘அட்ரிப்’ கட்டளை மூலம் அவற்றை மீண்டும் வெளியே கொண்டுவரலாம்.

இன்னொரு வழி ‘கிராக்’. டிடிபி மையங்களிலும் போட்டோ ஸ்டுடியோக்களிலும் பேஜ்மேக்கர், கோரல்டிரா, போட்டோஷாப் ஆகியவற்றின் திருட்டுப் பிரதிகள் கைமாறுவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவற்றோடு வரும் குறிப்பின் முதல் வரியே பெரும்பாலும் ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்’ என்பதுதான். அந்த வரிக்குக் கீழ்ப்படிந்த கணினியை எந்த நிறுவனத்தின் மென்பொருளும் காப்பாற்றாது. ‘ஸ்டாப்’ எனப்படும் ரான்சம்வேர் குடும்பம் பல ஆண்டுகளாகக் குறிப்பாக இத்தகைய கிராக் கோப்புகள் வழியாகவே பரவிவந்திருக்கிறது. படங்களையும் ஆவணங்களையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை இது. ஆன்டிவைரஸால் அந்த நிரலை அகற்ற முடியும். ஏற்கெனவே பூட்டியதைத் திறக்க முடியாது. ஒரு ஸ்டுடியோவில் பல கல்யாணங்களின் ஆல்பம் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கொடுமை புரியும்.

பாடம், மின்னஞ்சல், யூடியூப், எப்போதாவது வங்கி வேலை என்றிருக்கும் வீட்டுக்கு டிஃபெண்டரே போதும். பணம் கொடுத்து வாங்குவது ஜெராக்ஸ் கடை, டிடிபி மையம், கணக்கர் அலுவலகம் போன்ற இடங்களுக்குப் பொருந்தும். செருகும் ஒவ்வொரு பென்டிரைவையும் உடனே ஸ்கேன் செய்வதும், பிரச்சினை வந்தால் தொலைபேசியில் உதவி கிடைப்பதும் அங்கே காசுக்குத் தகுந்த வசதிகள். சென்னையில் 1991-இல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங், புனேயின் குவிக் ஹீல் இரண்டும் இந்திய நிறுவனங்கள்; இரண்டும் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை. எதை வாங்கினாலும் ஏவி-டெஸ்டும், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸும் இலவசமாக வெளியிடும் அண்மை முடிவுகளைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. நல்ல கோப்பைத் தவறாக வைரஸ் என்று பிடிக்கும் எண்ணிக்கையும் அதில் இருக்கும். விசையழுத்தங்களை இடைமறித்துத் தமிழாக மாற்றும் தட்டச்சு மென்பொருள்கள் இப்படிச் சந்தேகத்துக்கு ஆளாகக்கூடும் என்பதால், தமிழில் வேலை செய்வோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இலவசம் என்பதற்காக எதையும் இறக்கிவிடக் கூடாது. பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்ற தகவலைச் சேகரித்து விற்றதற்காக, இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் வணிக ஆணையம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. ஆன்டிவைரஸ் கணினியின் எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் உரிமை பெற்றது. அதைத் தயாரிப்பவரின் நேர்மையும் தரத்தில் சேர்த்தி.

தமிழக அரசு 2011 முதல் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் அதற்கு 2028 அக்டோபர் வரை வரும். இயங்குதளத்தின் ஓட்டையை ஆன்டிவைரஸ் அடைக்காது. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை ரான்சம்வேர், மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்த திருத்தத்தைப் போடாத கணினிகளைத்தான் வீழ்த்தியது. பழைய மடிக்கணினிக்குப் புது ஆன்டிவைரஸ் வாங்குவதைவிட, அதில் லினக்ஸுக்கு மாறிக்கொள்வது மேல். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. அதன் புதிய பதிப்பை இறக்கி நிறுவலாம்.

ஒரு கணினியில் ஒரே ஆன்டிவைரஸ்தான் ஓட வேண்டும். இரண்டு இருந்தால் ஒன்றையொன்று இடைமறித்து இயந்திரத்தை நத்தையாக்கிவிடும். காலாவதியான ட்ரையலை அப்படியே விடாமல் முழுதாக நீக்கிவிட்டால் டிஃபெண்டர் மீண்டும் பொறுப்பேற்கும். காவல் உண்மையில் விழித்திருக்கிறதா என்று சோதிக்க ஐகார் என்ற தீங்கற்ற சோதனைக் கோப்பு உண்டு. 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட அதைச் சேமித்தவுடன் எச்சரிக்கை வர வேண்டும். டிஃபெண்டரில் ‘ரான்சம்வேர் ப்ரொடெக்ஷன்’ பகுதியில் ஃபோல்டர்களைக் காக்கும் வசதி வழக்கமாக அணைந்தே இருக்கும், அதை இயக்கிக்கொள்ளலாம். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் இலவசத் துப்புரவுக் கருவிகளைத் தருகிறது. இணையத்தில் உலாவும்போது ‘உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையை மறைத்து வரும் அறிவிப்பு போலி. எந்த ஆன்டிவைரஸும் அப்படித் தொலைபேசி எண் காட்டிக் கூப்பிடாது. அழைத்துப் பணம் பறிகொடுத்தவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். விழுப்புரம் மாவட்டத்துக்கென்று தனியாக சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது.