கூடு விட்டுக் கூடு பாயும் கார்

புதுச் செருப்பு வந்த அட்டைப்பெட்டி வீட்டில் ஏதாவது கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியின் இரு முனைகளையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். சொன்னபடி வளையும். மூடியை மட்டும் முறுக்கினால் இன்னும் சுலபம். மூடியைப் பெட்டியின்மேல் சும்மா கவிழ்த்து முறுக்கினால் கொஞ்சம் விறைப்பு தெரியும், ஆனால் விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். இனி மூடியின் விளிம்பைச் சுற்றி நெருக்கமாகத் துண்டு துண்டாக டேப் ஒட்டிவிட்டு முறுக்குங்கள். மணிக்கட்டுதான் வலிக்கும்.

அட்டை அதே அட்டைதான். எடையும் கூடவில்லை. தனித்தனியாகத் துவண்ட இரண்டு பொருள்கள் சேர்ந்ததும் விறைத்துக்கொண்டன. இந்தச் செருப்புப் பெட்டியைத் தகரத்தில் செய்து, டேப்புக்குப் பதில் போல்ட் போட்டு, நான்கு சக்கரங்களில் நிறுத்தி, 1938 முதல் 2003 வரை உலகெங்கும் ஓடவிட்டார்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அதுதான். ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த அந்த வண்டுக் கார் மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் தயாரானது. கடைசி வண்டி 2003 ஜூலை 30 அன்று மெக்ஸிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து வெளிவந்தது.

பழைய பீட்டிலை வீட்டுக் கொட்டகையில் வைத்துப் புதுப்பிக்கிறவர்கள் ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா என்று எங்கும் இருக்கிறார்கள். தரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டால் அவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். காரின் பாடியை அப்படியே மேலே தூக்கிவிட்டு, கீழே உள்ள அடித்தட்டைத் தனியாக உருட்டிக்கொண்டு போகிறார்கள். கிரேன் வேண்டாம். இரண்டு மூன்று அளவு ஸ்பேனர், ஜாக்கி, மரக்கட்டைகள், ஒரு சனிக்கிழமை மதியம் கைகொடுக்க நாலைந்து நண்பர்கள் இருந்தால் போதும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் இதைச் செய்ய முடியாது. தரை, தூண், கூரை எல்லாம் பற்றவைத்த ஒரே கூடாக அவை பிறக்கின்றன. பிரிக்க வேண்டுமானால் அறுக்கத்தான் வேண்டும்.

பிரித்து வைத்ததும் கண்ணில் படுகிற முதல் ஆச்சரியம், எது எதனோடு போகிறது என்பது. எஞ்சின், கியர்பெட்டி, சக்கரங்கள், கியர் கம்பி, கைபிரேக், கால் மிதிகள் மூன்றும் அடித்தட்டிலேயே நிற்கின்றன. பாடியைச் சேர்ந்தவை பெட்ரோல் தொட்டி, ஸ்டியரிங் தண்டு, ஒயர்கள், கதவுகள், கண்ணாடிகள். அதனால் தூக்கும் முன் அறுக்க வேண்டிய உறவுகள் மிகச் சில. ஸ்டியரிங் இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஆயில் வரும் குழாய், பின்னால் எஞ்சினுக்குப் போகிற ஒயர்கள், சூடான காற்று வரும் குழாய்கள், அப்புறம் ஸ்பீடாமீட்டர் கேபிள். இந்தக் கடைசி ஒன்றை நின்று பார்க்க வேண்டும். அந்தக் கேபிள் கியர்பெட்டிக்குப் போவதில்லை. முன்சக்கர அச்சு நடுவே துளையுள்ளது. கேபிள் அதற்குள் நுழைந்து, சக்கரத்தின் கிரீஸ் மூடியில் உள்ள சின்னச் சதுர ஓட்டையில் முனையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூடி சுழன்றால் கேபிளும் சுழலும். ஒரு சின்னப் பின்னை இழுத்துவிட்டால் கையோடு வந்துவிடும்.

பாடி போன பிறகு எஞ்சியிருக்கும் அடித்தட்டின் நடுவே, முன்னிருந்து பின்வரை முதுகெலும்புபோல் ஒரு குகை ஓடுகிறது. கியர் மாற்றும் தடி, கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், கைபிரேக் கேபிள்கள், பெட்ரோல் குழாய் எல்லாம் அதற்குள்தான். ஆனால் பொருள் வைக்கிற வேலை அதற்கு இரண்டாம்பட்சம்; முறுக்கைத் தாங்குவதே முதல் வேலை. நடுமுதுகுக் குழாய் என்ற யோசனை பீட்டிலுக்கும் முந்தியது. ஹான்ஸ் லெட்விங்கா வடிவமைத்த செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா 11 என்ற கார் 1923-இலேயே அப்படித்தான் வந்தது. குழாயைத் தேர்ந்தெடுத்த காரணம் எளிய கணக்கு ஒன்றில் இருக்கிறது. 5 சென்டிமீட்டர் ஆரம், 2 மில்லிமீட்டர் கனம் உள்ள இரும்புக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கவாட்டில் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு கிழித்துவிட்டால், முறுக்கைத் தாங்கும் அதன் விறைப்பு ஏறத்தாழ 1,900-இல் ஒரு பங்காகச் சரிந்துவிடும். இரும்பு ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஒரு கீறல் மட்டுமே. மூடிய குழாயை முறுக்கும்போது விசை அதன் சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடி, தன்னையே பிடித்துக்கொள்கிறது. கீறிய குழாயில் அந்த ஓட்டம் கீறலில் வந்து முட்டி நிற்கிறது. இரண்டு உதடுகளும் ஒன்றை ஒன்று தாண்டி நழுவுகின்றன. மூங்கிலையும் பிளந்த மூங்கிலையும் கையில் பிடித்து முறுக்கியவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் குகை மட்டும் போதாது. மூடிய குழாயின் விறைப்பு, அது வளைத்துப் பிடிக்கும் பரப்பைப் பொறுத்தது. பரப்பு இரட்டித்தால் விறைப்பு அதைவிட வேகமாக ஏறும். நடுக்குகை வளைத்துப் பிடிப்பது ஒரு சாண் அகலத்துக்குள்தான். பாடி வந்து உட்கார்ந்துவிட்டால் காரே ஒரு பெரிய மூடிய பெட்டியாகிவிடுகிறது. தகரத்தின் பலத்தைப் பல மடங்கு தாண்டிய பலம் அங்கேதான் பிறக்கிறது.

பீட்டிலுக்கு இந்த விறைப்பு வேறு எந்தக் காரைவிடவும் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. அதன் ஸ்பிரிங்குகளே முறுக்குக் கம்பிகள். போர்ஷே 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. வண்டியின் குறுக்கே ஓடும் குழாய்களுக்குள் முன்பக்கம் எஃகுப் பட்டைகளின் கட்டும், பின்பக்கம் உருண்டைக் கம்பியும் இருக்கின்றன. சக்கரம் மேடேறினால் கம்பி முறுகும், இறங்கினால் பழைய நிலைக்குத் திரும்பும். எது முறுக வேண்டுமோ அது மட்டும் முறுக வேண்டும்; அதைத் தாங்கும் தரையும் கூடச் சேர்ந்து முறுகினால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

இப்போது போல்ட்டுகளுக்கு வருவோம். பாடியைத் தரையோடு பிடித்திருப்பவை, ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை சற்று மாறினாலும், முப்பதை ஒட்டித்தான். பெரும்பாலானவை 8 மில்லிமீட்டர் போல்ட்டுகள், 13-ஆம் நம்பர் ஸ்பேனர் கேட்பவை; இரு பக்க விளிம்பிலும் வரிசையாகக் கீழிருந்து மேலே ஏறுகின்றன. முன் அச்சின் மேலும் பின்பக்கத்திலும் 17-ஆம் நம்பர் கேட்கிற தடித்தவை சில. இரண்டு போல்ட்டுகள் பெட்ரோல் தொட்டிக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. அதனால் தொட்டி முதலில் வெளியே போயாக வேண்டும். அதுவும் நல்லதுக்குத்தான், ஏனென்றால் அடுத்து நெருப்பு வரப்போகிறது.

ஐம்பது வருடம் சேற்றுத்தண்ணீர் குடித்த போல்ட் ஸ்பேனருக்கு மசியாது. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கிறது. மரைகளின் இடுக்கில் அந்த இடம் ஏது? போல்ட்டும் நட்டும் ஒன்றை ஒன்று நெரித்துக்கொண்டு கல்லாகிவிடுகின்றன. பலம் போட்டு முறுக்கினால் போல்ட்டின் கழுத்து முறியும். அனுபவசாலிகள் முந்தின நாளே இறுகிய மரைக்கென்று விற்கிற எண்ணெயை விட்டு ஊறவைப்பார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அது இடுக்கில் தானே ஏறும். அதற்கும் மசியாததை, எண்ணெயைத் துடைத்துவிட்டுத் தீச்சுடரால் சுடுவார்கள். 8 மில்லிமீட்டர் போல்ட்டை 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அதன் குறுக்களவு எவ்வளவு கூடும் தெரியுமா? 0.03 மில்லிமீட்டர். தலைமுடிக் கனத்தில் பாதிகூட இல்லை. ஆனால் துரு இரும்பைப்போல் வளைந்து கொடுக்காது, நொறுங்கும். போல்ட் பருக்கும்போது துரு நசுங்கி விரிசல் விடுகிறது; ஆறிச் சுருங்கும்போது அந்த விரிசல் திறக்கிறது. மெல்லிய ஒரு 'டிக்' சத்தம் கேட்கும். பிறகு ஸ்பேனர் கால் சுற்று நகரும். அந்தக் கால் சுற்றுக்காக ஒரு முழு நாள் காத்திருக்கலாம்.

இத்தனையும் முடிந்து, எல்லா போல்ட்டும் வெளியே வந்து, தூக்கலாம் என்று கை வைக்கும் நேரத்தில்தான் செருப்புப் பெட்டியை நினைவில் கொள்ள வேண்டும். தரையை விட்ட பாடி, மூடி எடுத்த பெட்டி. கதவு வாசல்களுக்குக் கீழே ஓடும் படிச்சட்டங்கள்தான் அப்போது அதன் ஒரே பிடிமானம். அந்தச் சட்டங்களின் கதையும் விசேஷமானது. பின்னால் எஞ்சினில் சூடேறிய காற்று அவற்றின் வயிற்றுக்குள் ஓடி முன்கண்ணாடிக்கு வருகிறது. ஒரே தகரப் பெட்டி உத்தரமாகவும் காற்றுக்குழாயாகவும் வேலை செய்கிறது. குளிர் நாட்டில் அந்தக் காற்றின் ஈரம் உள்ளே படியும், சாலையின் சேறு வெளியே அப்பும். இரண்டு பக்கமும் துரு தின்னும். போல்ட்டின் நட்டுகள் இருப்பதும் அதன் அடிப்பாகத்திலேதான். (தரைத் தகரம் முதலில் ஓட்டையாகும் இடம் பின்சீட்டுக்கு அடியில் வலதுபக்கம். அங்கேதான் பேட்டரி இருக்கிறது, அமிலம் கசிகிறது.) படிச்சட்டம் உளுத்துப்போன பாடியை அப்படியே தூக்கினால், கூரை இருந்தும் கதவு வாசல் அரை விரற்கடை அகலும் அல்லது சுருங்கும். பிறகு கதவு ஒருநாளும் சரியாகச் சாத்தாது. ஆகையால் ஒரு போல்ட்டைத் தொடும் முன்பே கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, வாசலின் அளவை உறையவைத்துவிட வேண்டும். கூரையில்லாத கேப்ரியோலே மாடலுக்கு இது உயிர் போகிற விஷயம். கூரை இல்லாத குறையை ஈடுகட்ட, ஓஸ்னாப்ரூக் நகரின் கார்மன் ஆலை அதன் படிச்சட்டத்துக்கு அடியில் கூடுதல் உத்தரங்கள் வைத்தே தயாரித்தது.

தூக்கும் முறை ஒவ்வொரு கொட்டகையிலும் ஒவ்வொன்று. பாடிக்கு அடியில் முன்னும் பின்னும் இரண்டு நீளமான உத்தரங்களை நுழைத்து, மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாக ஜாக்கியால் ஏற்றி, ஏற ஏறக் கட்டைகளை அடுக்கி, கடைசியில் அடித்தட்டைக் கீழேயிருந்து உருட்டி எடுப்பது எனக்குப் பிடித்த வழி. அவசரமே இல்லாதது. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் தலை நீட்டக் கூடாது.

பாடி போனாலும் காரின் அடையாளம் போகவில்லை. பின்சீட்டு இருந்த இடத்தில், நடுக்குகையின் முதுகில், சேஸிஸ் எண் குத்தியிருக்கிறது. அந்த எண் போகிற இடத்துக்குத்தான் கார் போகிறது. கூடு விட்டுக் கூடு பாய்ந்த சித்தர் கதைகள் நமக்குத் தெரியும். கலிஃபோர்னியாவில் அதைக் காரில் செய்து காட்டினார் புரூஸ் மேயர்ஸ். படகு கட்டிப் பழகிய அவர் 1964-இல் கண்ணாடியிழையில் ஒரு மணல்வண்டி செய்தார். முதலில் செய்தவை பீட்டில் தரையே இல்லாதவை. செலவு கட்டுப்படியாகாமல், பிறகு பழைய பீட்டிலின் அடித்தட்டை எடுத்து, குகையை நடுவில் 14½ அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, மீண்டும் பற்றவைத்து, அதன்மேல் தன் கூட்டைக் கவிழ்த்தார். மேயர்ஸ் மேங்ஸ் என்று அதற்குப் பெயர். 1967-இல் மெக்ஸிகோவின் பாஹா பாலைவனத்தில் நடந்த மெக்ஸிகன் 1000 பந்தயத்தை ஒரு மேங்ஸ் 27 மணி 38 நிமிடத்தில் ஓடி வென்றது. குப்பைக்குப் போகவிருந்த எத்தனையோ பீட்டில்கள் இப்படி வேறு உடம்பில் மணலில் குதித்தன.

நம் ஊரிலும் இதற்கொரு ஒன்றுவிட்ட சொந்தம் உண்டு. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பிரிட்டனில் 1959-இல் வந்த ட்ரயம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவமான அது, மற்ற கார்கள் ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்த காலத்தில் தனிச் சேஸிஸோடு பிறந்தது. பாடியும் துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைத்ததுதான். மூக்கு முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். அதே தெருவில் நின்ற அம்பாசிடரோ பற்றவைத்த ஒரே கூடு.

பீட்டிலின் அடித்தட்டைச் சரிசெய்த பிறகு பாடியை இறக்குவது, பிரித்ததைவிடச் சந்தோஷமான வேலை. ஜெர்மன் கார் ஆலைகளில் பாடியும் அடிப்பாகமும் சேரும் இடத்துக்குக் கல்யாணம் என்றே பெயர். விளிம்பு முழுக்கப் புது ரப்பர்ப் பட்டை போட்டு, பாடியை இறக்கி, போல்ட்டுகள் எல்லாவற்றையும் முதலில் கையால் மட்டும் ஏற்ற வேண்டும். ஒரு மூலையை இறுக்கிவிட்டு அடுத்த மூலைக்குப் போனால் கூடு கோணலாகவே உறைந்துவிடும். நன்றாக இறுகிய 8 மில்லிமீட்டர் போல்ட் ஒவ்வொன்றும் ஒரு டன் வரை அழுத்திப் பிடிக்கக்கூடியது. முப்பதும் சேர்ந்து கோணலைப் பிடித்துக்கொண்டால் யார் விடுவிப்பது? ஆகவே கொஞ்சம் இறுக்கி, கதவைத் திறந்து சாத்திப் பார்த்து, இடைவெளியை விரலால் தடவிப் பார்த்து, பிறகு இன்னும் கொஞ்சம். கதவு வாசலில் வைத்த குழாய்களை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் அறுக்க வேண்டும்.

பீட்டிலைப் பற்றி அதன் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்கிற ஒன்று உண்டு. காற்றுப்புகாதபடி அடைத்த வண்டி என்பதால், ஜன்னலைக் கொஞ்சம் இறக்காமல் கதவை அடித்தால் உள்ளிருக்கும் காற்றே கதவைத் திருப்பித் தள்ளும். வேலையெல்லாம் முடிந்து, கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்திப் பாருங்கள். தாழ் விழாமல் கதவு கைக்குத் திரும்பி வந்தால், அடியில் வைத்த ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறது.