‘ரன்’ என்றால் ஓட்டம் மட்டுமா?

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்று மூன்றே எழுத்தில் ஒரு வினைச்சொல். ‘ஓடு’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். பிழைப்புக்கு வெளி மாநிலம் வந்த பிறகுதான் அது எங்கெல்லாம் ஓடுகிறது என்று தெரிகிறது. 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் ‘செட்’ என்ற சொல்லுக்கே மிக நீண்ட இடம். பிற்பாடு ‘ரன்’ முந்திவிட்டது. 2011-இல் எண்ணியபோது வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்!

ரயில்வேயில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு காகிதமும் நகராது. வண்டியோடு போகிற லோகோ பைலட்டும் கார்டும் ‘ரன்னிங் ஸ்டாஃப்’. கார்டுக்கு 2022 முதல் ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர். இவர்கள் பெறும் படி ‘ரன்னிங் அலவன்ஸ்’. டியூட்டி முடிந்து கட்டையைச் சாய்க்கிற இடத்துக்கோ ‘ரன்னிங் ரூம்’ என்று பெயர். யார் வைத்தார்களோ!

தமிழும் சளைத்ததல்ல. படம் நூறு நாள் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, சம்பளத்துக்குள் மாசம் எப்படியோ ஓடுகிறது. ஆனால் ஆங்கிலேயன் கடையை ‘ரன்’ பண்ணுகிறான், நாம் நடத்துகிறோம். அவனுக்கு மூக்கு ஓடுகிறது, நமக்கு ஒழுகுகிறது. வால் ஒட்டினால் இன்னும் வம்பு. ‘ரன் அவுட்’ என்றால் சரக்கு தீர்ந்தது, ‘ரன் ஓவர்’ என்றால் ஆள்மேல் வண்டி ஏறியது. ஆபீஸ் கடிதத்தில் வாலை மாற்றிவிடக் கூடாது.

நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ‘ரன்’ ஒன்று சட்டத்தில் இருக்கிறது. 1963-ஆம் ஆண்டு லிமிடேஷன் சட்டத்தின் அட்டவணையில், காலம் எப்போதிலிருந்து ‘ரன்’ ஆகத் தொடங்குகிறது என்றே ஒரு பத்திக்குத் தலைப்பு. சம்பள பாக்கிக்கு சிவில் கோர்ட்டில் வழக்குப் போட 3 ஆண்டு கெடு. சம்பளம் நம் கைக்கு வந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே அந்த ஓட்டம் ஆரம்பம். “அடுத்த மாசம் பார்க்கலாம்ப்பா” என்று முதலாளி வாயால் சொல்வதால் அது நிற்காது. ஓடத் தொடங்கிய பிறகு நாம் ஊருக்குப் போய் நோயில் படுத்துவிட்டாலும் நிற்காது. கெடு முடிவதற்குள், இவ்வளவு பாக்கி உண்டு என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடும். சமாதானம் சொல்கிற முதலாளியிடம் அந்தத் துண்டுச் சீட்டை, தேதியோடு, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.