சர்வீஸ் நினைவூட்டலை எவ்வளவு நம்பலாம்?

செகண்ட் ஹேண்டில் பென்ஸ் வாங்கியவர் மறுநாள் காலை சாவியைத் திருப்புகிறார். டாஷ்போர்டில் 'சர்வீஸ் பி – 20 நாட்கள்' என்று வந்து நிற்கிறது. விற்றவர் எதையோ மறைத்துவிட்டாரோ என்று பகீர் என்கிறது. பதற வேண்டாம். வண்டி தேதியையும் கிலோமீட்டரையும் எண்ணிப் பார்த்துச் சொல்லும் தகவல் அது, அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது நிறத்தைப் பார்த்துத்தான். சிவப்பில் எண்ணெய்க் குடுவைப் படம் எரிந்தால், என்ஜினில் போதிய ஆயில் அழுத்தம் இல்லை என்று பொருள். ஓரங்கட்டி உடனே என்ஜினை அணைக்க வேண்டும். வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் என்ஜினே போய்விடும். மஞ்சள் விளக்கு என்றால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். சர்வீஸ் நினைவூட்டல் இந்த இரண்டிலும் சேராது.

பென்ஸ் கார்களில் ஏ என்பது சின்ன சர்வீஸ், பி என்பது பெரிது. இரண்டும் மாறி மாறி வரும். என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், பொதுச் சோதனை ஆகியவை ஏ-யில் அடங்கும். பி-யில் அவற்றோடு கேபின் ஃபில்டர், பிரேக் ஆயில் போன்றவையும் சேரும். பட்டியல் மாடலுக்கு மாடல் மாறும். இந்தியாவில் பொதுவாக ஓராண்டு அல்லது 15,000 கி.மீ., இதில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. வாரத்துக்கு ஒரு நாள் கோயிலுக்கு மட்டும் போய்வரும் வண்டிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வது இதனால்தான்.

பி.எம்.டபிள்யூ.வில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனிக்கணக்கு. என்ஜின் ஆயில், முன் பிரேக் பேட், பின் பிரேக் பேட், பிரேக் ஆயில் என்று தனித்தனியே மீதி தூரமோ மாதமோ காட்டும். பிரேக் பேடுக்குள் ஒரு மெல்லிய சென்சார் ஒயர் இருக்கிறது. பேட் தேயத் தேய அந்த ஒயர் டிஸ்க்கில் உரசி அறுந்துவிடும். உடனே விளக்கு எரியும். பேடை மட்டும் புதிதாகப் போட்டு, அறுந்த ஒயரை அப்படியே விட்டால் விளக்கு அணையாது. 'பேட் போட்டாச்சு சார், லைட்டுதான் போக மாட்டேங்குது' என்று விற்பவர் சொன்னால், ஒயரில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

பிரேக் ஆயிலுக்கு ஓட்டம் கணக்கே இல்லை, காலம்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலைப்பாதையில் இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால், பிரேக் மிதி சும்மா கீழே போகும். ஷெட்டில் நிற்கும் வண்டியிலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இனி முக்கியமான விஷயம். இந்த நினைவூட்டலை யார் வேண்டுமானாலும் ரீசெட் செய்யலாம். பல மாடல்களில் ஸ்டீயரிங்கிலோ மீட்டர் பக்கத்திலோ உள்ள பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். பழைய ஆயிலை வடித்தார்களா, புதிதாக ஊற்றினார்களா என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அடுத்த சர்வீஸுக்கு இன்னும் 14,000 கி.மீ. என்று காட்டினால், யாரோ பட்டனை அழுத்தினார்கள் என்பது மட்டும்தான் உறுதி. பென்ஸில் இன்னொரு கோளாறும் உண்டு: பேட்டரியைக் கழற்றி வைத்த நாட்கள் கணக்கில் ஏறாது என்று அதன் கையேடே சொல்கிறது. விற்பனையாளரின் யார்டில் பேட்டரி இல்லாமல் ஆறு மாதம் கிடந்த வண்டி, அந்த ஆறு மாதத்தையும் மறந்துவிட்டுத்தான் தேதி சொல்லும்.

டாஷ்போர்டு வாயே திறக்காத செலவுகளும் இருக்கின்றன. ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று சில கார் கம்பெனிகள் சொல்கின்றன. ஆனால் பி.எம்.டபிள்யூ. உட்படப் பல கார்களுக்கு கியர்பாக்ஸ் தயாரித்துத் தரும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டாண்டில் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் பேச்சைக் கேட்பதே நல்லது. கூலன்ட் ஹோஸ், என்ஜின் பெல்ட், சஸ்பென்ஷன் புஷ் இவற்றின் வயதையும் திரை காட்டாது.

ஆகவே பில்லைக் கேளுங்கள். அதில் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் ரகம் மூன்றும் இருக்க வேண்டும். சேஸிஸ் எண்ணை வைத்து அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்ஷாப்பில் பழைய சர்வீஸ் விவரத்தை எடுக்கலாம். உரிமையாளரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஸ்கேனர் போட்டுப் பார்த்தால், வண்டியின் வேறு கன்ட்ரோல் யூனிட்டுகளில் பதிவான கிலோமீட்டர் மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்பதும் பல மாடல்களில் தெரிந்துவிடும். இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். பில்லும் இல்லை, ஸ்கேன் செய்யவும் விடமாட்டேன் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.