ஊட்டியில் குறைந்த 3 பிஎஸ்ஐ

ஊட்டியில் தங்கியிருந்த லாட்ஜிலிருந்து காலை ஆறரைக்கு வண்டியை எடுத்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் ஹேண்டில்பாரில் ஒட்டிவைத்திருந்த சின்னத் திரை மினுங்கி, பின் டயரில் 30, முன் டயரில் 26 என்று காட்டியது. முந்தின நாள் விடிகாலையில்தான் மேட்டுப்பாளையத்தில் பின்னே 33, முன்னே 29 என்று காற்றுப் பிடித்துக்கொண்டு மலையேறியிருந்தேன்.

ஓரமாக நிறுத்தி, டயரைச் சுற்றித் தடவி ஆணி தேடினேன். இல்லை. வால்வின் அடியில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தேன். குமிழி வரவில்லை. கொஞ்சம் நிதானித்தபோது இன்னொன்று உறைத்தது. ஒரே ராத்திரியில் இரண்டு டயரும் பஞ்சராகலாம், அது ஜாதகக் கோளாறு. ஆனால் இரண்டும் எண்ணி வைத்தாற்போல 3 பிஎஸ்ஐ மட்டும் இறங்குமா?

பையில் பேனா மாதிரி ஒரு கேஜ் இருந்தது. வால்வின் மேல் மூடிபோலத் திருகியிருந்த சென்சாரைக் கழற்றிவிட்டு கேஜை வைத்து அழுத்தினேன். பின்னே 33க்கு மேல் ஒரு நூல். முன்னே 29க்கு மேல் ஒரு நூல். சென்சாரைத் திரும்ப மாட்டினேன். மறுபடி 30, 26.

இரண்டில் எது பொய் என்று கேட்டால், இரண்டுமே இல்லை என்பதுதான் வேடிக்கை.

அந்த மூடியைப் பிளந்து பார்த்தால் உள்ளே அதிகம் ஒன்றுமில்லை. ஒரு பட்டன் பேட்டரி, ஒரு குட்டி ரேடியோ, அரிசி மணி சைஸில் ஒரு சில்லு. வித்தை எல்லாம் சில்லில் இருக்கிறது. சிலிக்கானைச் சுரண்டிச் சுரண்டி மெலிய வைத்த ஒரு சவ்வு, தவில் தோல்போல நான்கு பக்கமும் பிடித்துக் கட்டியது. சவ்வின் ஒரு பக்கம் டயரின் காற்று மோதுகிறது. காற்று அழுத்த அழுத்தச் சவ்வு உள்வாங்குகிறது. அதன் விளிம்பில் பதித்த மின்தடைகள் இழுபட்டு மாறுகின்றன. உலோகக் கம்பியை இழுத்தாலும் தடை மாறும், ஆனால் கொஞ்சமாகத்தான். சிலிக்கானும் ஜெர்மானியமும் அதைவிடப் பல பத்து மடங்கு மாறும் என்று சார்லஸ் எஸ். ஸ்மித் என்ற அமெரிக்க இயற்பியலர் 1954ல் எழுதினார். அந்தக் கண்டுபிடிப்பின் பேரப்பிள்ளைதான் நம் வால்வில் உட்கார்ந்திருக்கிறது.

சவ்வின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. செய்யும்போதே காற்றை உறிஞ்சி மூடிவிட்ட வெற்றிடம். வெற்றிடத்தை அடித்தளமாக வைத்து அளப்பதால், இந்தச் சில்லுக்கு டயருக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதே தெரியாது.

பேனா கேஜ் அப்படியல்ல. அதன் ஒரு வாய் டயரில், மறு வாய் திறந்தவெளியில். உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது சொல்கிறது. பஞ்சராகி சப்பென்று கிடக்கும் டயரில் கேஜ் 0 காட்டும். ஆனால் அந்த டயருக்குள்ளும் கடல்மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ காற்று இருக்கத்தான் செய்கிறது, வெளியேயும் அதே அளவு இருப்பதால் உபயோகமில்லை, அவ்வளவே. ‘முப்பத்து மூணு அடிங்கண்ணே’ என்று நாம் கேட்கும்போது உண்மையில் ஒரு கழித்தல் கணக்கின் விடையைத்தான் கேட்கிறோம்.

இப்போது திரை என்ன செய்கிறது என்று பாருங்கள். சென்சார் அனுப்புவது மொத்த அழுத்தம். அதிலிருந்து வெளிக்காற்றைக் கழிக்க வேண்டும். வெளிக்காற்றை அளக்கத் தனியாக ஒரு சென்சார் வைத்தால் செலவு. எனவே என்னுடையதைப் போன்ற விலை குறைந்த செட்டுகள் பலவும் எங்கே இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கடல்மட்டத்து 14.7ஐக் கழித்துவிடுகின்றன. மெரினாவில் இது சரியாக வரும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 325 மீட்டர் போல உயரம். அங்கே வெளிக்காற்று 14.1. ஆகவே கேஜில் 33 இருந்த டயருக்குத் திரை அங்கேயே 32தான் காட்டியது. மலிவுச் சாமான், ஒரு எண் முன்னே பின்னே இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே வெளிக்காற்று சுமார் 11.2தான். திரையோ அதே 14.7ஐக் கழித்துக்கொண்டிருக்கிறது. மூன்றரை பிஎஸ்ஐ அங்கேயே காணாமல் போய்விட்டது.

‘அப்படியானால் கேஜாவது 36 காட்டியிருக்க வேண்டாமா? வெளிக்காற்று குறைந்தால் வித்தியாசம் கூடணுமே?’ என்று கணக்குப் போடத் தெரிந்த வாசகர் இந்நேரம் கேட்டிருப்பார். நியாயமான கேள்வி. கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டியதும் உப்பிக்கொண்டு வெடிக்கிறேன் என்று நிற்குமே, அந்தக் காரியம் டயரிலும் நடக்கத்தான் வேண்டும். நடந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது.

மேட்டுப்பாளையத்தில் காற்றுப் பிடித்தபோது 27 டிகிரி. ஊட்டியில் மறுநாள் காலை 12 டிகிரி. அடைத்துவைத்த காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும். எவ்வளவு என்பதை மொத்த அழுத்தத்தையும், முழுப் பூஜ்யமான மைனஸ் 273லிருந்து எண்ணிய வெப்பநிலையையும் வைத்துக் கணக்கிட வேண்டும். கீழே மொத்தம் 47.1 பிஎஸ்ஐ. 300 கெல்வின் 285 ஆனது, 47.1 என்பது 44.7 ஆனது. இதில் ஊட்டியின் வெளிக்காற்று 11.2ஐக் கழித்தால் 33.5. கேஜில் பார்த்த ‘33க்கு மேல் ஒரு நூல்’ இதுதான். 14.7ஐக் கழித்தால் 30. திரையில் பார்த்தது இது.

எனக்கு இந்தக் கணக்கில் பிடித்த இடம் நடுவில் இருக்கிறது. மலை ஏற ஏறக் குளிர் டயரின் காற்றை ஒடுக்குகிறது. அதே மலை வெளிக்காற்றை மெலிய வைத்து அதை விடுவிக்கிறது. ஒரு கை எடுத்ததை மறு கை திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் தாத்தா காலத்திலிருந்து ஊட்டிக்கு வண்டி ஓட்டுபவர்கள் காற்றைப் பற்றிக் கவலைப்படாமல் போய் வந்திருக்கிறார்கள். கவலைப்படக் கற்றுக்கொடுத்தது என் திரைதான்.

எல்லோரும் ஒரே மாதிரி கழிப்பதுமில்லை. பிஎம்டபிள்யூ பைக்குகளில் வரும் டயர் அழுத்தக் கருவி வேறொரு பாதையில் போகிறது. டயருக்குள் இருக்கும் காற்று எத்தனை டிகிரியில் இருந்தாலும், ‘இதுவே 20 டிகிரியில் இருந்தால் எவ்வளவு இருக்கும்’ என்று மாற்றித்தான் அது காட்டும். நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய டயரை அந்த வண்டிக்காரர் பங்க்கில் கொடுத்து அளக்கச் சொன்னால், பங்க் கேஜ் கூடுதலாகக் காட்டும். 25 டிகிரியில் 33 இருந்த டயர் ஓட்டத்தில் 55 டிகிரிக்குச் சூடானால் கேஜில் 38 வரும். இதைப் பார்த்துப் பதறிக் காற்றை இறக்கிவிடுவது நம் ஊரில் அன்றாடம் நடக்கும் தப்பு. டயர் ஆறினதும் அது 29க்கும் கீழே போய்விடும்.

இவ்வளவு நுணுக்கம் மோட்டார் சைக்கிளுக்குத் தேவையா? பின் சக்கரத்தின் மேல் வண்டி, ஆள், பை எல்லாம் சேர்த்து 130 கிலோ என்று வையுங்கள். 33 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ. அப்படியானால் அந்த 130 கிலோவும் சாலையைத் தொடும் இடம் ஏழரை சென்டிமீட்டர் சதுரம், உள்ளங்கை அளவு. காரில் ஒரு டயர் இளைத்தால் மற்ற மூன்று தாங்கும். பைக்கில் முன் டயர் இளைத்தால் ஹேண்டில் கனத்துப் போகும், பின் டயர் இளைத்தால் வண்டி மீன்போல வாலை ஆட்டும், இரண்டையும் நாம் உணர்வதற்குள் ஒரு வளைவு வந்துவிடும். அதிலும் டியூப்லெஸ் டயரில் ஏறிய ஆணி தானே அடைப்பாக நின்று, நாள் கணக்கில் சொட்டுச் சொட்டாகக் காற்றை விடும். கண்ணுக்கும் தெரியாது, காலால் உதைத்துப் பார்த்தாலும் தெரியாது.

இருந்தும் சட்டம் முதலில் கவனித்தது கார்களைத்தான். அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்தில் உரிந்து, பல உயிர்கள் போன பிறகு 2000ல் ஒரு சட்டம் வந்தது. 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும், காற்று 25 சதவீதம் குறைந்தால் விளக்கெரிய வேண்டும் என்றானது. மோட்டார் சைக்கிள் அதில் இல்லை. கார்க் கம்பெனிகளுக்குச் செலவில்லாத குறுக்குவழி ஒன்றும் கிடைத்தது. காற்று இறங்கிய டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், ஆகவே அது மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். ஏபிஎஸ் ஏற்கெனவே சக்கர வேகத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது, அதையே ஒப்பிட்டால் போயிற்று. இந்தத் தந்திரம் பைக்கிடம் செல்லவில்லை. ஒப்பிட ஜோடிச் சக்கரம் கிடையாது. தவிர, பைக் டயரின் முதுகு உருண்டை. வளைவில் சாய்ந்தால் டயர் தன் தோளால் ஓடும், அங்கே ஆரம் குறைவு. கணக்குப் போடும் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வளைவையும் பஞ்சர் என்று நினைத்துக்கொள்ளும். பைக்கில் டயரிடமே போய்க் கேட்டால்தான் உண்டு.

கேட்பதில்தான் அடுத்த விசித்திரம். நம் டியூப் வால்வின் உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஊசியும் இருக்கின்றன. ஊசியை அழுத்தினால் வால்வு திறக்கும், விட்டால் மூடும். சைக்கிளில் வால்டியூபைப் பிடுங்கி விளையாடிய தலைமுறைக்கு இந்த வால்வு கொஞ்சம் நாகரிகமானது. நியூயார்க்கில் கடை போட்ட ஆகஸ்ட் ஷ்ராடர் என்ற ஜெர்மானியர் முதலில் கடலில் மூழ்குபவர்களுக்குச் செம்புத் தலைக்கவசம் செய்தவர். அந்தக் குடும்பத்துக் கம்பெனியிலிருந்து 1890களில் வந்த வால்வு இது. இன்றும் மாறவில்லை. மூடிச் சென்சாரைத் திருகும்போது அது இந்த ஊசியை அழுத்தியே ஆக வேண்டும். அழுத்தாவிட்டால் உள்ளே உள்ள காற்று அதன் சவ்வை எட்டாது. அதாவது சென்சார் மாட்டியிருக்கும் நேரமெல்லாம் உங்கள் வால்வு திறந்தே கிடக்கிறது. காற்றைத் தடுத்து நிற்பது சென்சாரின் அடியில் இருக்கும் ஒரு ரப்பர் வளையம் மட்டும். திருடன் வருகிறானா என்று பார்க்க வந்த வாட்ச்மேன், கதவைத் திறந்துபோட்டு வாசலில் தானே படுத்துக்கொண்டதுபோல. அந்த ரப்பர் வெயிலில் வெடித்தால், சென்சார் நிஜமான ஒரு கசிவை நிஜமாகவே சொல்லும்.

எடையும் ஒரு விஷயம். 10 கிராம் என்பது கையில் வைத்தால் தெரியாது. மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் ஒரு நொடிக்கு பதினான்கு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. வால்வின் நுனியில் உள்ள பொருளுக்கு அங்கே தன் எடையைப் போல 140 மடங்கு இழுவை. 10 கிராம் மூடி 1.4 கிலோவாகி ரப்பர் வால்வை ஆட்டும். ரப்பர் கழுத்துள்ள வால்வை மாற்றி உலோக வால்வு போட்டுக்கொள்ளச் சொல்வது இதனால்தான். நான் அதைச் செய்த பிறகே மலையேறினேன். ரிம்முக்குள் பொருத்தும் வகை சென்சாருக்கு இந்தத் தொல்லை இல்லை. உள்ளிருப்பதால் அது சொல்லும் வெப்பநிலையையும் நம்பலாம், வெளி மூடி சொல்வது பாதிக்கு மேல் எதிர்க்காற்றின் வெப்பநிலை. ஆனால் பஞ்சர் கடையில் டயரைப் பிரிக்க லிவர் போடும் முன் ‘அண்ணே, வால்வுகிட்ட உள்ளே சென்சார் இருக்கு’ என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஒரே நெம்பில் முறிந்துவிடும்.

வெளி மூடிக்கும் தன் பங்குக்கு ஓர் அவஸ்தை உண்டு. யாரும் திருகிக்கொண்டு போகாதிருக்க அதன் அடியில் ஒரு நட்டை எதிர்த்து முறுக்கி வைப்பார்கள். காற்றுப் பிடிக்க ஒவ்வொரு தடவையும் குட்டி ஸ்பேனர் வேண்டும். மேட்டுப்பாளையம் பங்க்கில் நான் குனிந்து நட்டோடு மல்லுக்கட்டியபோது பின்னால் மூன்று வண்டிகள் ஹாரன் அடித்தன. காற்றுப் பிடிக்கும் தம்பி, ‘ஏனுங்க, மூடிக்கே பூட்டுங்களா?’ என்றான்.

நிற்கும்போது சென்சார் தூங்கும். சக்கரம் உருண்டால் அதன் உள்ளே இருக்கும் இன்னொரு நுண்கருவி சுழற்சியை உணர்ந்து எழுப்பும்; பேட்டரி வருடக்கணக்கில் வருவது இந்தத் தூக்கத்தால்தான். விழித்ததும் தன் அடையாள எண், அழுத்தம், வெப்பம் மூன்றையும் ரேடியோவில் சொல்லிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொள்ளும். ரகசியம் எதுவும் கிடையாது; யார் வேண்டுமானாலும் கேட்கலாம். காரிலிருந்து 40 மீட்டர் தள்ளி நின்றே இந்தப் பேச்சை ஒட்டுக்கேட்க முடியும், பொய்ச் செய்தி அனுப்பி விளக்கை எரியவைக்கவும் முடியும் என்று 2010ல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள்.

அன்று ஊட்டியில் நான் காற்றைத் தொடவில்லை. குன்னூர் வழியாக இறங்கினேன். வளைவுக்கு வளைவு திரையில் எண் ஏறியது: 31, 32. கல்லாறு வந்தபோது டயர் சூடேறி, 36 என்று நின்றது. டீக்கடையில் நிறுத்திப் பையைத் திறந்தேன். நேற்று மேலே போகும்போது பந்துபோல உப்பியிருந்த சிப்ஸ் பாக்கெட், பழையபடி தொளதொளவென்று கிடந்தது.