தனிச் சங்கம் எதற்கு?

1954-ல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வந்தபின் சித்தூர்ப் பக்கத்து தலித் பையன்களுக்கும் பட்டப்படிப்பு பக்கத்தில் வந்தது. ஆனால் உதவித்தொகை தாமதமானால் மெஸ் பாக்கிக்கு என்ன செய்வது என்று முதல் தலைமுறைப் பிள்ளைக்கு வீட்டில் யார் சொல்வார்? விடுதியில் மூத்த ‘அன்னா’தான் (தெலுங்கில்; நம் அண்ணாவேதான்) சொல்லவேண்டும். அந்தத் துணையை ஒழுங்காகக் கிடைக்கச் செய்யத்தான் தலித் மாணவர்களுக்கு ஒரு சங்கம். இப்படித் தனிச் சங்கம் பிளவை வளர்க்காதா என்பார்கள். பிளவு சங்கத்துக்கு முந்தியது. அமெரிக்காவின் கார்னெலில் வெள்ளையர் சங்கங்கள் ஒதுக்கிய கறுப்பின மாணவர்கள் ஏழு பேர் 1906-ல் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, முதலில் சேர்ந்து படிக்கும் குழுதான். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கம் 1993-ல் பிறந்தது. 2016 ஜனவரியில் விடுதியைவிட்டு வெளியேற்றப்பட்ட அதன் ஐந்து மாணவர்கள் வளாகத்திலேயே கூடாரமடித்து ‘வெலிவாடா’, அதாவது சேரி, என்று பெயரிட்டார்கள். அந்தத் துணையும் அவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலாவைக் காப்பாற்றவில்லை. ஜனவரி 17-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.